வீட்டு மாடியில் சூரிய மின்சாரம்: பிஎம் சூர்ய கர் மானியத்தை விண்ணப்பம் முதல் வங்கிக் கணக்கு வரை பெறும் முறை

ஒன்றிய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. இந்தப் பணம் கிடைக்காமல் போனவர்களையும் மாதக்கணக்கில் தாமதமானவர்களையும் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் தகுதியில்லாதவர்கள் அல்ல, படிகளை வரிசை மாற்றிச் செய்தவர்கள். பேனலை முதலில் வாங்கிவிட்டு விண்ணப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியவர்களும், மின் இணைப்பு இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருப்பதைக் கவனிக்காமல் முன்பணம் கொடுத்தவர்களும் அவர்களில் அதிகம். ஆகவே தமிழ்நாட்டு வீடு ஒன்றுக்கு எந்த வேலையை எதற்கு முன் முடிக்க வேண்டும், ஏன் அப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

இந்த மானியம் வீட்டு மின் இணைப்புக்கு மட்டுமே உரியது. உங்கள் மின் அட்டையிலோ கட்டண ரசீதிலோ வீதப் பட்டியல் 1ஏ என்று இருந்தால் நீங்கள் தகுதி உள்ளவர். கீழ்த்தளத்தில் கடையும் மேலே வீடுமாக இரண்டு இணைப்புகள் இருக்கும் கட்டடத்தில், வீட்டு இணைப்பின் எண்ணைக் கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். கடை இணைப்பின் கட்டணம் அதிகம் என்பதால் அதன் எண்ணைக் கொடுப்பவர்கள் தொடக்கத்திலேயே நின்றுபோகிறார்கள்.

விவசாயப் பம்புக்கான மானியம் தனித் திட்டம். அதன் பெயர் பிஎம் குசும், தமிழ்நாட்டில் அது வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக நடக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது மாடியின் மீதான உரிமை. தனி வீட்டில் இதில் சிக்கல் இல்லை. அடுக்ககத்தில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானது என்பதால், மற்ற உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒருவர் மட்டும் பேனல் பொருத்த முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் தனித்தனியாக மோதிக்கொள்வதைவிட, லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்குகள் ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்குக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் விண்ணப்பிப்பதே நல்லது. அதற்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

"இலவச மின்சாரம்" என்ற பொருள்படும் சொல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே (பிஎம் சூர்ய கர்: முஃப்த் பிஜிலி யோஜனா) இருப்பதால், பேனலை அரசு இலவசமாகப் பொருத்தித் தரும் என்று பலர் நம்புகிறார்கள். செலவு முழுவதையும் முதலில் நீங்கள் செய்கிறீர்கள், வேலை முடிந்து ஆய்வும் முடிந்த பிறகு மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. யாராவது வீட்டு வாசலில் வந்து, பதிவுக் கட்டணம் கட்டினால் பேனல் இலவசம் என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள்.

2. மின் இணைப்பின் பெயரைச் சரிசெய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை இது. பலரும் கடைசியில் செய்வதும் இதைத்தான்.

மின் இணைப்பில் உள்ள பெயரும், ஆதாரில் உள்ள பெயரும், மானியம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது எளிதில் பிசகுகிறது. மின் அட்டையில் "கே. முருகேசன்" என்று இருக்கும், ஆதாரில் "முருகேசன் கந்தசாமி" என்று தந்தை பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், வங்கிப் புத்தகத்தில் "முருகேசன் கே" என்று தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கும். மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், ஆனால் சரிபார்ப்பவரின் கணினித் திரையில் அவை மூன்று பெயர்கள். தலைப்பெழுத்து வேறுபாட்டை மானியக் கட்டத்தில் திருத்த முயல்வதைவிட, தொடக்கத்திலேயே வங்கிக்குச் சென்று கணக்கின் பெயரை ஆதாருடன் ஒத்துப்போகச் செய்வது எளிது.

இணைப்பு இறந்துபோன பெற்றோரின் பெயரிலோ வீட்டை விற்றவரின் பெயரிலோ இருந்தால், பெயர் மாற்றம் செய்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். வீடு வாங்கியவருக்குக் கிரயப் பத்திரமும், வாரிசுகளுக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், இவற்றுடன் சொத்து வரி ரசீதும் அடிப்படை ஆவணங்கள். வாரிசுகள் பலர் இருந்தால் மற்றவர்களின் ஒப்புதலும் தேவைப்படும் என்பதால், பண்டிகைக்கு ஊருக்கு வரும் அண்ணன் தம்பிகளிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது மாதக்கணக்கான அலைச்சலைத் தவிர்க்கும். விண்ணப்பத்தை மின்வாரிய இணையதளத்திலேயே கொடுக்கலாம். நிலுவைக் கட்டணம் ஏதும் இருந்தால் அதையும் முன்னதாகவே கட்டிவிடுங்கள்.

இந்த வேலையை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், பழைய பெயரில் விண்ணப்பித்து, நடுவில் பெயர் மாற்றினால், திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உள்ள விவரமும் மின்வாரியத்தின் பதிவும் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நிற்கும். அதற்குள் மாடியில் பேனல் ஏறியிருந்தால் உங்கள் பணமும் சேர்ந்து முடங்கும்.

3. அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பாருங்கள்

மின் இணைப்பு கொடுக்கும்போது மின்வாரியம் அனுமதித்த பளு கிலோவாட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய வீடுகளில் அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த வீட்டில் மூன்று கிலோவாட் சூரிய அமைப்பைப் பொருத்த விரும்பினால் பளுவையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டியிருக்கும்.

2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களைத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலேயே ஏற்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்றும், தேவையான பளு உயர்வும் அத்துடன் சேர்ந்தது என்றும் சொல்கின்றன. 5 கிலோவாட் வரையிலான அமைப்புக்காக விநியோகக் கட்டமைப்பைப் பலப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவு பகிர்மான நிறுவனத்தை, அதாவது மின்வாரியத்தைச் சேர்ந்தது. விதி உங்கள் பக்கம் இருக்கிறது. இருந்தாலும் பிரிவு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் சென்று, உங்கள் இணைப்பின் பளு எவ்வளவு, உயர்த்தக் கட்டணம் உண்டா என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. பின்னால் ஆய்வுக்கு வரப்போகிறவர்களும் அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர்களே.

4. எத்தனை கிலோவாட் என்று கணக்கிடுங்கள்

தமிழ்நாட்டில் மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. தேசிய இணையதளத்தின் கணிப்பானும் பெரும்பாலான விளம்பரங்களும் மாத அளவில் பேசுகின்றன. ரசீதில் உள்ள 600 யூனிட்டை அப்படியே மாதப் பயன்பாடாகக் கொடுத்து, தேவையைப் போல இரண்டு மடங்கு அமைப்பை வாங்குவது நம் மாநிலத்துக்கே உரிய தவறு. ரசீதில் உள்ளதை இரண்டால் வகுத்து எழுதுங்கள். ஒரு ரசீதை மட்டும் பார்க்காமல் ஓராண்டின் ஆறு ரசீதுகளையும் கூட்டிச் சராசரி எடுங்கள், ஏனெனில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஏசி ஓடும் வீட்டின் கணக்கும் மார்கழிக் கணக்கும் ஒன்றல்ல.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் அமைப்பு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு அது 240 யூனிட். இரண்டு மாதத்தில் 600 யூனிட் செலவாகும் வீட்டுக்கு 2 கிலோவாட் பொருத்தினால் சுமார் 480 யூனிட் கழிந்து 120 யூனிட் மிஞ்சும், 3 கிலோவாட் பொருத்தினால் உற்பத்தி 720 யூனிட்டாகித் தேவையைத் தாண்டிவிடும்.

மானியத்தின் அமைப்பையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் எதுவும் இல்லை. ஐந்து கிலோவாட் பொருத்தினாலும் 78,000 ரூபாய்தான். நமது வீட்டுக் கட்டணமோ படிப்படியாக ஏறும் கட்டணம், இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கான சலுகையும் குறைகிறது. எனவே சூரிய மின்சாரத்தின் உண்மையான லாபம் மேல் படிகளை வெட்டி வீழ்த்துவதில் இருக்கிறது. கட்டணத்தைச் சுழியமாக்க வேண்டும் என்ற ஆசையில் கடைசி சில யூனிட்டுகளுக்காகக் கூடுதல் கிலோவாட் வாங்கினால், அந்தக் கிலோவாட் மலிவான யூனிட்டுகளையே மிச்சப்படுத்தும். அடுத்த ஆண்டு மின்சார ஸ்கூட்டரோ இன்னொரு ஏசியோ வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் ஒரு கிலோவாட் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. மாடியை அளந்து நிழலைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். இதில் இடத்தைவிட முக்கியம் நிழல். பேனல்கள் ஒன்றுடன் ஒன்று தொடராக இணைக்கப்படுவதால், ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல் அந்தத் தொடர் முழுவதின் உற்பத்தியையும் இழுத்துவிடக்கூடும்.

நண்பகலில் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இடம் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. காலை ஒன்பது மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய மூன்று வேளையும் சென்று, நிழல் விழும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் தரையில் கோடிட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூரை, பக்கத்து வீட்டின் கைப்பிடிச் சுவர், தென்னை ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். மார்கழியை ஒட்டிய மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கில் உள்ள தடைகளின் நிழல் மாடியில் அதிக நீளத்துக்கு விழும். வைகாசியில் அளந்தவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று கோடுகளுக்கும் வெளியே மிஞ்சும் இடம்தான் உங்களுக்கு உரிய இடம், அதற்குள் அடங்கும் அளவே உங்கள் அமைப்பின் உச்ச வரம்பு.

பேனல்கள் தெற்கு நோக்கி, நம் அட்சரேகைக்கு ஏற்பச் சுமார் 8 முதல் 13 பாகை சாய்வில் அமைய வேண்டும். தளத்தின் நிலையையும் பாருங்கள். ஏற்கெனவே மழைநீர் கசியும் மாடியில் முதலில் கசிவை அடைத்துத் தட்டோட்டு வேலையை முடித்துவிடுங்கள், ஏனெனில் மேலே பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஏறிய பிறகு அடியில் பூச்சு வேலை செய்வது பெரும்பாடு.

6. தேசிய இணையதளத்தில் பதிவு செய்து விண்ணப்பியுங்கள்

இந்தக் கட்டத்துக்கு முன் எந்த நிறுவனத்துக்கும் பணம் கொடுத்திருக்கக் கூடாது. கையில் இருக்க வேண்டியவை: அண்மைய மின் கட்டண ரசீது, ஆதார், ஆதாருடன் இணைந்த கைபேசி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை.

பிஎம் சூர்ய கர் இணையதளத்தில் நுகர்வோராகப் பதிவு செய்து, மாநிலமாகத் தமிழ்நாட்டையும் பகிர்மான நிறுவனமாகத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தையும் தேர்ந்தெடுங்கள். மின் இணைப்பு எண்ணை எழுதும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டில் பேச்சுவழக்கில் சொல்லும் கடைசிச் சில இலக்கங்கள் போதாது. தொடக்கத்தில் வரும் இரண்டு இலக்க மண்டலக் குறியீடு, பிரிவு எண், பகிர்மான எண், இணைப்பு எண் எல்லாம் சேர்ந்த முழு எண்ணை, ரசீதில் உள்ளபடி இடைவெளியும் கோடும் இல்லாமல் எழுத வேண்டும். எண் சரியாக இருந்தால் மின்வாரியப் பதிவில் உள்ள பெயர் திரையில் வரும். அந்தப் பெயரை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். அது உங்கள் பெயராக இல்லாவிட்டால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். நிறுவனத்தின் ஊழியர் உதவும் எண்ணத்தில் தம்முடைய எண்ணைப் பதிவு செய்துவிடுவதுண்டு. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) அவருக்கே போகும், அவர் வேலை மாறிவிட்டால் உங்கள் விண்ணப்பத்துக்குள் நீங்களே நுழைய முடியாது. விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பின் கிடைக்கும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

7. நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள், விலைப்புள்ளியை வரி வரியாகப் படியுங்கள்

திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனம் பொருத்தினால் மட்டுமே மானியம் உண்டு. பட்டியல் இணையதளத்திலேயே இருக்கிறது. குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், கீழ்க்காணும் விவரங்கள் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதலாவது, பேனல். மானியத்துக்கு உரியது டிசிஆர் எனப்படும் வகை, அதாவது பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் தயாரானவை. இறக்குமதி செல்லை வைத்து இங்கே கோத்த பேனலும் "இந்தியத் தயாரிப்பு" என்றே விற்கப்படுகிறது, விலையும் குறைவு, ஆனால் அதற்கு மானியம் கிடையாது. விலைப்புள்ளியில் "டிசிஆர்" என்ற சொல்லும் பேனலின் மாதிரி எண்ணும் இல்லாவிட்டால் அதை ஏற்க வேண்டாம்.

இரண்டாவது, பேனல்களின் மொத்தத் திறனும், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவியான இன்வெர்ட்டரின் திறனும். இவ்விரண்டில் எது குறைவோ அதற்கே மானியம் கணக்கிடப்படுகிறது. 545 வாட் பேனல் நான்கும் 2 கிலோவாட் இன்வெர்ட்டரும் இருந்தால் 60,000 ரூபாய் முழுமையாகக் கிடைக்கும். அதே இன்வெர்ட்டருடன் மூன்று பேனல் மட்டும் வைத்து அதை "2 கிலோவாட் அமைப்பு" என்று விற்றால், பேனல் திறன் 1.635 கிலோவாட்தான், மானியமும் 49,050 ரூபாயாகக் குறையும்.

மூன்றாவது, தாங்கு சட்டம். துத்தநாக முலாம் தோய்த்த இரும்பா, முலாமின் தடிமன் எவ்வளவு, எவ்வளவு வேகமான காற்றைத் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். மலிவான விலைப்புள்ளியில் பெரும்பாலும் சட்டத்தில்தான் கை வைத்திருப்பார்கள். நாகப்பட்டினம், கடலூர், சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் புயலும் சேர்ந்து அதைச் சோதிக்கும். மாடியில் துணி காயப்போட, நடமாட வசதியாக உயரமாகத் தூக்கிக் கட்டச் சொன்னால் காற்றின் விசையும் கூடும், அதற்கேற்பத் தூண்களும் வலுவாக வேண்டும், செலவும் கூடும்.

நான்காவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் பொருத்தும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 பங்கு பொருளாகவும் 30 பங்கு 18 சதவீத வரிக்குரிய சேவையாகவும் கொள்ளப்படுவதால், மொத்தத்தில் 8.9 சதவீதம் வருகிறது. பழைய 13.8 சதவீதத்தில் யாராவது கணக்குப் போட்டிருந்தால் கேளுங்கள்.

மின்தடையைப் பற்றி நிறுவனத்தார் தாமாகச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. மின்கட்டமைப்புடன் இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், மின்சாரம் போனவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் பழுது பார்க்கும் ஊழியரின் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. மின்தடையின்போதும் விளக்கெரிய வேண்டும் என்றால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் அமைப்பு வேண்டும். பேட்டரிக்கு மானியம் இல்லை. வெயில் கொளுத்தும்போது மின்சாரம் போய், பேனல் இருந்தும் மின்விசிறி ஓடவில்லையே என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்ததனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முடிவு செய்தபின் நிறுவனத்துடன் எழுதும் ஒப்பந்தத்தில், ஐந்தாண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்ற வரி இருக்க வேண்டும். இது திட்டத்தின் நிபந்தனை, அவர்கள் தரும் சலுகை அல்ல. பணத்தை ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். மின்வாரியத்திலிருந்து எடுத்ததையும் அதற்கு அனுப்பியதையும் தனித்தனியாக அளக்கும் இருதிசை மீட்டரான நெட் மீட்டரைப் பொருத்தி அமைப்பு இயங்கிய பிறகு கொடுப்பதற்கென்று ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாடியில் பேனல் ஏறிய நாளோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் நிறுவனங்கள் உண்டு, மிச்சப் பணம்தான் அவர்களை மின்வாரிய அலுவலகத்துக்கு நடக்கவைக்கும்.

8. கடன் தேவையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள்

தேசிய இணையதளத்திலிருந்தே ஜன் சமர்த் தளத்துக்குச் சென்று பொதுத்துறை வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 3 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புக்குப் பிணையம் இல்லாத கடன் கிடைக்கிறது, வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தையொட்டி அமைவதால் சாதாரணத் தனிநபர் கடனைவிடக் கணிசமாகக் குறைவு. வங்கிக்கு விண்ணப்ப எண்ணும் நிறுவனத்தின் விலைப்புள்ளியும் தேவை என்பதால்தான் இந்தப் படி ஏழாம் படிக்குப் பின்னால் வருகிறது. மானியம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதை வங்கி மேலாளரிடம் கேட்டு, அதே கணக்கை இணையதளத்தில் கொடுங்கள்.

9. பொருத்தும் நாளில் கூடவே இருங்கள்

பேனல்கள் வந்து இறங்கியவுடன், கட்டு பிரிக்கும்போதே ஒவ்வொன்றின் பின்புறத்திலும் உள்ள வரிசை எண்ணைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் ஏறிய பிறகு அடியில் குனிந்து படமெடுப்பது கடினம். இந்த எண்களைத்தான் நிறுவனம் இணையதளத்தில் பதிவேற்றும், ஓர் இலக்கம் மாறினாலும் டிசிஆர் சரிபார்ப்பில் சிக்கும்.

தூண்களை நிறுத்தத் தளத்தைத் துளைக்கிறார்களா, கான்கிரீட் பீடம் போடுகிறார்களா என்பதை முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். தட்டோட்டைத் துளைத்தால் அந்தத் துளை வழியே மழைநீர் தளத்துக்குள் இறங்கும். பீடம் போட்டால் அது இறுகச் சில நாட்கள் விட்டுத்தான் பேனல் ஏற்ற வேண்டும், ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கிறேன் என்பவரை அனுமதிக்காதீர்கள்.

எர்த் குழிகள் மூன்று தனித்தனியாக இருக்க வேண்டும்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரின் மின்வாரியப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. இடிதாங்கியின் எர்த்தை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டால், மின்னல் இறங்கும்போது அந்த விசை வீட்டுக் கருவிகளுக்கே வழி தேடும். இன்வெர்ட்டரை வெயிலும் மழையும் படாத, காற்றோட்டமுள்ள சுவரில் மாட்டச் சொல்லுங்கள். மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் படும்படி மாட்டிய இன்வெர்ட்டர் சூடேறி, உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் நீங்களும் அமைப்பும் ஒன்றாகத் தெரியும்படி இட விவரம் பதிந்த படத்தை நிறுவனத்தார் எடுத்துப் பதிவேற்றுவார்கள். படத்தில் எல்லா பேனல்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

10. நெட் மீட்டர் வரும்வரை அமைப்பை இயக்காதீர்கள்

பேனல் ஏறிய ஆர்வத்தில் நிறுவனத்தார் சோதித்துப் பார்க்கிறோம் என்று இயக்கிவிட்டுப் போவதுண்டு. வீடுகளில் உள்ள பழைய மின்னணு மீட்டர்களில் பல, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் அதைப் பயன்பாடாகவே எண்ணும். நீங்கள் வெளியே அனுப்பிய மின்சாரத்துக்கும் சேர்த்து நீங்களே பணம் கட்ட நேரிடும். இதைத் தவிர, ஆய்வுக்கு முன் இயக்குவது விதிமீறலும்கூட. மின்வாரியம் வந்து பார்த்து, இருதிசை மீட்டரைப் பொருத்தும்வரை சுவிட்சை அணைத்தே வையுங்கள்.

நிறுவனம் பணி நிறைவு விவரத்தைக் கொடுத்ததிலிருந்து 15 நாட்களுக்குள் ஒப்பந்தமும் மீட்டரும் முடிந்து அமைப்பு இயக்கத்துக்கு வர வேண்டும் என்பது 2024-ஆம் ஆண்டுத் திருத்த விதி. தாமதமானால் இந்த விதியைக் குறிப்பிட்டு, விண்ணப்ப எண்ணுடன் எழுத்தில் கேளுங்கள். நேரில் போய் வாய்மொழியாகக் கேட்டது எந்தக் கோப்பிலும் ஏறாது.

ஆய்வுக்கு வருபவர் எர்த் குழிகளையும் பாதுகாப்புப் பெட்டிகளையும் இன்வெர்ட்டர் மின்தடையில் நிற்கிறதா என்பதையும் பார்ப்பார். அன்று நிறுவனத்தின் ஆளும் உடன் இருக்க வேண்டும், இல்லையேல் ஒரு சிறு கேள்விக்காக ஆய்வு தள்ளிப்போகும்.

11. மானியத்தைக் கோருங்கள்

அமைப்பு இயங்கத் தொடங்கியதற்கான சான்று இணையதளத்தில் ஏறிய பிறகு மானியக் கோரிக்கைக்கான கட்டம் திறக்கும். அது தானாகவே நடந்துவிடும் என்று காத்திருந்து மாதங்களைக் கடத்தியவர்கள் உண்டு. நீங்கள் உள்ளே சென்று, வங்கி விவரத்தைச் சரிபார்த்து, கோரிக்கையைக் கொடுக்க வேண்டும். கோரிக்கை சரியாக இருந்தால் 30 நாட்களுக்குள் பணம் கணக்கில் சேர வேண்டும்.

நிற்கும் கோரிக்கைகளில் நான் கண்டவை பெரும்பாலும் பெயர் பொருந்தாமை, வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்த பின் கிளைக் குறியீடு மாறியது, பயன்பாட்டில் இல்லாத கணக்கு ஆகியவைதான். இரண்டாம் படியை ஒழுங்காக முடித்தவருக்கு இவற்றில் முதலாவது வராது. திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்குமானது என்பதால், கடைசி மாதங்களில் விண்ணப்பிப்பவர்கள் பெயர் மாற்றத்துக்கும் ஆய்வுக்கும் ஆகும் நாட்களைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

12. முதல் ரசீதை மீட்டருடன் ஒப்பிடுங்கள்

இருதிசை மீட்டரின் திரையில் எண்கள் மாறி மாறி ஓடும். அவற்றில் ஒன்று மின்வாரியத்திலிருந்து நீங்கள் எடுத்தது, இன்னொன்று நீங்கள் அனுப்பியது. கணக்கெடுப்பவர் வரும் நாளில் இரண்டையும் படமெடுத்து வைத்து, ரசீதில் இரண்டும் பதிவாகி ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய மீட்டருக்கு மாறிய முதல் சுற்றில் ஏற்றுமதி அளவு பதிவாகாமல் முழுப் பயன்பாட்டுக்கும் ரசீது வருவது நடக்கிறது, படம் கையில் இருந்தால் திருத்துவது எளிது.

இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தியும் மீட்டர் காட்டும் ஏற்றுமதியும் ஒன்றாக இருக்காது. பகலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை முதலில் வீடு பயன்படுத்திக்கொள்கிறது, மிஞ்சியதுதான் வெளியே போகிறது. உபரி அடுத்த ரசீதுக்கு எப்படி எடுத்துச் செல்லப்படுகிறது, நிதியாண்டு முடிவில் எப்படித் தீர்க்கப்படுகிறது, கட்டமைப்பைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் ஏதும் உண்டா என்பவை மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைக்கு உட்பட்டவை, அவை அவ்வப்போது மாறுவதால் உங்கள் இணைப்பு இயங்கத் தொடங்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பேனலைக் கழுவுவது அதிகாலையில்தான் நடக்க வேண்டும். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் வெண்படலமும் படியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல நீரும் மென்மையான துடைப்பமும் போதும். இன்வெர்ட்டரின் நாள் உற்பத்தியை மாதத்தில் ஒரு நாள் குறித்து வந்தால், தெளிந்த வானத்திலும் உற்பத்தி சரிவது உடனே தெரியும். அப்போது ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் காட்டி நிறுவனத்தை அழையுங்கள்.